சோப்பு போட்டுக் குளிச்சியா?

"சோப்பு போட்டுக் குளிச்சியா, இல்லையா?"

வயிற்றுக் கட்டைப் பிரித்த சிஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காகத் தையல்காரியின் வயிற்றில் மூன்று துளை போட்டு நாலு மாதமாகிறது. ஒன்று மூடிவிட்டது. மற்ற இரண்டிலும் இன்னும் சீழ்.

"ரெண்டு வேளையும் குளிக்கிறேன் சிஸ்டர்."

"எங்க தியேட்டர்ல கத்தி, கத்திரி எல்லாம் மருந்துல ஊறினது. நாங்க சுத்தமாத்தான் அனுப்பினோம். வீட்டுல நீ என்ன கூத்தடிக்கிறியோ!"

வெளியே நின்ற கணவனும் சும்மா இருக்கவில்லை.

"தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். எந்நேரமும் துணிக்குப்பையில உட்கார்ந்திருந்தா புண்ணு எப்படி ஆறும்?"

அவள் தையல் மெஷினை மூடிப் போட்டாள். வந்த துணிகளைத் திருப்பிக் கொடுத்தாள். போர்வையைத் தினமும் வெந்நீரில் முக்கினாள். ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து மகளை மடியில் ஏற்றுவதைக்கூட விட்டாள். தேய்த்த தேய்ப்பில் தோல் உரிந்ததே தவிர, சீழ் நிற்கவில்லை. கடைசியில் அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அக்காதான் பொறுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சீழை எடுத்துச் சோதித்து முடிவு சொல்ல மூன்று வாரம் ஆயிற்று.

"காசநோய்க் கிருமி இருக்கில்ல, அதுக்கு இது ஒண்ணுவிட்ட தம்பி" என்றார் டாக்டர். "குழாய்த் தண்ணியில குடியிருக்கும். கருவியை மருந்துல ஊறப்போட்டு எடுத்துட்டு, அப்புறம் குழாய்த் தண்ணியில அலசியிருப்பாங்க. அதோட உள்ளே போயிடுச்சு. மாசக்கணக்கா மாத்திரை சாப்பிடணும். மறுபடி வெட்டி எடுக்க வேண்டியும் வரலாம்."

"அப்போ நான் சரியா குளிக்காததால..."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா."

அங்கேயே உடைந்து அழுதாள். அக்காவுக்கு ஆத்திரம்.

"வா, அந்த சிஸ்டரை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம்!"

"வேண்டாங்க்கா. பாவம், அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா செய்வாங்களா? பக்குவமா எடுத்துச் சொல்லணும். அங்கே இன்னும் எத்தனை பேரு வயித்தைக் காட்டிப் படுத்திருக்காங்களோ!"

அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வராந்தா திரும்பியதும் ஆபரேஷன் தியேட்டர் வாசல். தள்ளுவண்டியில், பச்சை அங்கியில், அதே சிஸ்டர் படுத்திருந்தாள். காலடியில் தொங்கிய அட்டையில் 'பித்தப்பைக் கல்' என்று எழுதியிருந்தது.

இவர்களை அவள் கவனிக்கவில்லை. வண்டியைத் தள்ள வந்த தியேட்டர் ஊழியரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்:

"அண்ணே, சத்தியமா சொல்லுங்க... கருவியைக் குழாய்த் தண்ணியில அலச மாட்டீங்களே? எங்க ஆஸ்பத்திரியில அப்படித்தான் அலசுறோம். அதான் இங்கே வந்தேன்."