நெளிந்த வளையங்கள்

வசந்தத்தில் வடக்கே திரும்பும் ஆந்தைகளைப் பிடிக்கப் பொய்க்குரல் ஒன்று போதும். மரத்தில் கட்டிய சின்ன ஒலிபெருக்கியிலிருந்து ஓர் ஆண் ஆந்தை இரவெல்லாம் கூப்பிடும்; நம்பி வருகிறவை மெல்லிய வலையில் விழும். தவமணி பறவையைக் கைக்குள் அடக்கி, அது போகும் வழியைப் பின்னால் அறிய, காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டிப் பறக்கவிடுவாள். அவள் கணவன் பரமகுரு விளக்கைப் பிடித்துக்கொண்டு நோட்டில் எழுதுவான். ஒற்றை ஆளால் ஆகிற வேலையில்லை அது. போன வாரம் அவன் கருத்தரங்கு என்று வெளியூர் போயிருந்தான். இன்று வளையப் பெட்டியைத் திறந்தபோது ஐம்பத்தைந்து முதல் அறுபது வரை எண்ணிட்ட வளையங்களைக் காணவில்லை. "நெளிஞ்சு கெடந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றான். அவளும் சரியென்று அறுபத்தொன்றை எடுத்து வைத்தாள். முதலில் விழுந்த ஆந்தையின் கால் இறகை ஊதி விலக்கியபோது, அங்கே ஏற்கெனவே ஒரு வளையம் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. "பழசா? நம்பரச் சொல்லு" என்றான் பேனாவைத் திறந்தபடி. "அம்பத்தெட்டு." பேனா நகரவில்லை. ஆந்தையின் நகம் அவள் கட்டைவிரலில் இறங்கி ரத்தம் கசிந்தது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை, இறுக்கவும் இல்லை. "நெளியவே இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கேட்டாள்: "போன வாரம் வெளக்க யாரு புடிச்சா?" அவன் பேனாவை மூடினான். மரத்தில் இல்லாத அந்த ஆண் ஆந்தை மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.