ஒற்றை இருக்கை

இருக்கையின் முதுகுத் தகடு தெரிந்ததும் பொக்லைன் நின்றது.

அதற்கு மேல் கைதான். அந்தக் குழுவின் வழக்கம் அது. இருக்கை தெரிந்துவிட்டால் இயந்திரம் அணையும், பாட்டு அணையும், சிகரெட் அணையும். சதுப்புக் குழிக்குள் ஒருவர் மட்டும் இறங்குவார்.

இறங்கியவரை எல்லோரும் மண்வெட்டி அண்ணன் என்பார்கள். போரில் காணாமல் போன விமானங்களைத் தோண்டியே தலை நரைத்தவர்.

கரையில், மடக்கு நாற்காலியில் விமானியின் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்பா கடைசியாகப் பறந்த அன்று தொட்டிலில் கிடந்தவள். இப்போது பேரன் எடுத்தவள்.

இயந்திர எண் காலையிலேயே ஒத்துப்போயிருந்தது. அப்பாவின் விமானம்தான். அதைக் கேட்டு அவள் அழவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு.

தாக்குதல் முடிந்து எல்லோரும் திரும்பும்போது அவர் மட்டும் அணியை விட்டு விலகி, மறுபடி எதிரி பக்கம் போனார். சகாக்கள் பார்த்தது அவ்வளவுதான். சரணடைந்துவிட்டார் என்றது ஊர். அங்கே ஒரு குடும்பம் இருப்பதாகவும் சொன்னது. ஓடிப்போனவரை யார் தேடுவார்கள்? அம்மா கடைசிவரை தெருப்பக்க ஜன்னலைத் திறக்கவில்லை.

"விமானத்தோட மூக்கு எந்தப் பக்கம் பார்த்திருக்கு?"

"நம்ம பக்கம்தாம்மா. வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்திருக்கார்."

"அப்ப எதுக்கு அங்க போனாராம்?"

அண்ணன் களிமண்ணுக்குள் கையை முழங்கைவரை விட்டுத் துழாவினார். துணியில் சுற்றி ஒரு பூட்ஸை மேலே அனுப்பினார். சற்று நேரம் கழித்து இன்னொன்று.

கரையில் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அண்ணே, இதுவும் இடது காலு."

"கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருய்யா. உன் கல்யாணத்துல நீ ஆடினப்பவே தெரியும், உனக்குத்தான் ரெண்டும் இடது காலு."

யாரோ சிரித்தார்கள். கழுவியவர் சிரிக்கவில்லை. இரண்டையும் பலகையில் அருகருகே வைத்தார். இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தன.

சிரிப்பு நின்றது. எல்லோரும் இருக்கையைப் பார்த்தார்கள்.

ஓர் ஆள் உட்கார்ந்தாலே இரண்டு தோளும் உரசும் கூடு அது. எதிரியின் வயலில் இறங்கி, இன்னொருவரை மடியில் ஏற்றிக்கொண்டு, அவர் இடுப்பைச் சுற்றிக் கையை நீட்டி விசைப்பிடியைப் பிடித்து, ஒருவர் இங்கே வரை ஓட்டி வந்திருக்கிறார். ஓடுபாதை இந்தச் சதுப்புக்கு அடுத்துதான்.

மகள் எழுந்து நின்றாள்.

"ஆளைக் கூட்டிட்டு வரப் போயிருக்கார்" என்றாள். பிறகு அதையே உரக்கச் சொன்னாள், ஜன்னலைத் திறந்து தெருவுக்கே சொல்வதுபோல.

கொஞ்சம் கழித்துத்தான் கேட்டாள். "அந்த இன்னொருத்தர் யாரு?"

கழுவியவர் குழியைப் பார்த்தார். அன்று அந்த அணி இழந்தவை இரண்டே விமானங்கள். மற்றது எப்போதோ கிடைத்துவிட்டது. எதிரி மண்ணில், வயிறு உரசி இறங்கியபடி, பெரிய சேதமில்லாமல். இருக்கை மட்டும் காலி. அந்த விமானியின் மகன் அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

குழிக்குள் அண்ணன், தன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.