பேட் பிடிப்பவள்

மாலை வெயில் கராத்தே கூடத்தின் ஜன்னல் கம்பிகளை நீலவிரிப்பின் மேல் நீளநீளமாகக் கிடத்தியிருக்கிறது. வீட்டுச் சாவி வாங்க வந்த தங்கை, வாசலில் செருப்பை உதறிவிட்டு, விளையாட்டாக ஒரு காலை வீசுகிறாள். தொங்கும் மணல்பையின் உச்சியில் அது தப்பென்று விழ, சங்கிலி கிறீச்சிடுகிறது. மாஸ்டர் வாயிலிருந்து விசிலை எடுக்கிறார். சுவரோரம் முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கும் அக்காவும் நிமிர்கிறாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு எறும்பு என்று பேர் வைத்தவர் அவர். கல் தேய்ந்தபாடில்லை, முட்டிதான் தேய்ந்திருக்கிறது. எத்தனை வருஷம் வளைத்தும் அவள் உதை எதிராளியின் தோளைத் தாண்டியதில்லை.

"எறும்பு, அந்த பேடை எடுத்துப் பிடி. உன்ன மாதிரி அசையாம பிடிக்க இங்க ஆளே இல்ல."

உதை வாங்கும் அந்த மெத்தைப் பேடை, பஞ்சு பிதுங்கி டேப் ஒட்டியதை, அவள் தோளுயரத்தில் பிடிக்கிறாள். தங்கையின் பாதம் வந்து அறைகிறது. "இன்னும் மேல." முகத்துக்கு நேரே. அறைகிறது. அவர் சொல்லாமலே அவள் நுனிக்காலில் எம்பி, தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறாள். படக்கூடாது, படக்கூடாது என்று மனசு அடித்துக்கொள்கிறது. படுகிறது. மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கிறது.

"போதும் சார், எனக்கு இதெல்லாம் போர். சாவி எங்கேக்கா?"

"பையில இருக்கு, எடுத்துக்கோ."

"நாளைக்கு ஒரு நாள் வாம்மா, வந்து பாரு," என்று மாஸ்டர் வாசல்வரை அவள் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போகிறார். கூப்பிடாமலே தினமும் வருகிறவளின் கைகள் இன்னும் தலைக்கு மேலேயே இருக்கின்றன. இறக்கச் சொல்ல அவருக்கு நினைவில்லை.