மத்தியானம் மட்டும் போகும் நெட்

"பாத்தியா, இன்னைக்கும் போயிட்டு! மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச உடனே போயிட்டு!"

கருணாகரன் மவுஸை மேஜையில் ஓங்கித் தட்டினார். கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்துகொண்டிருந்த அவருடைய துணிக்கடை மொத்தமாக இருண்டு கிடந்தது. 'இணைப்பு இல்லை' என்று ஒரு வரி மட்டும் மின்னியது.

பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ரங்கநாதன் தெருக் கடையை மகன் ஆனந்தகுமார் பார்க்கிறான். அந்த ஆனந்தகுமாரை, தி.நகர் வீட்டின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்தபடி, கேமரா வழியாக இவர் பார்க்கிறார். விற்பனைப் பெண் யாராவது தூணில் லேசாகச் சாய்ந்தால் போதும், அடுத்த நிமிஷம் கடைக்கு போன் பறக்கும்.

மனைவி மீனாட்சி காலை இழுத்து இழுத்து நடந்து வந்து மாத்திரையை வைத்தாள். "நெட்டுன்னா அப்பப்ப போகத்தாங்க செய்யும்."

"தினமும் ஒரே நேரத்துலயா? அப்புறம் தானா வந்துருமா? உன் மகன் என்னமோ பண்ணுதான். ஆமா, குடோன் சாவி எங்க?"

"ஆனந்த் கேட்டான். குடுத்தேன்."

கருணாகரன் கணக்குப் போட்டார். கேமரா தெரியாத நேரம், கையில் குடோன் சாவி. எத்தனை பண்டல் வெளியே போகிறதோ! கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு சின்ன அறையில் ஆரம்பித்து, ரத்தத்தைச் சிந்தி வளர்த்த கடை அது. வருகிற வெள்ளிக்கிழமை அதை மகன் பேருக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தார்.

"இதுல திருட்டு மட்டும் இருக்கட்டும், கடை மருமகன் ராம்குமாருக்குத்தான். வக்கீல்ட்டயும் சொல்லிட்டேன்."

மீனாட்சி தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டுச் சட்டென்று உள்ளே போனாள். அதையும் அவர் கவனித்துக்கொண்டார்.

சாயங்காலம் நெட் சரிபார்க்க உமர் ஃபாரூக் வந்தான். வயரைப் பிடுங்கி மாட்டினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். உள் அறை அலமாரிக்கு மேலே இருந்த வைஃபை பாக்ஸை இறக்கித் துடைத்தான். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ திறந்து படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"கடையில எவனோ லைனை அறுக்கானா, இல்லையா? அதைச் சொல்லு."

"கடை லைன் சூப்பரா கீது அண்ணாச்சி. உங்க வூட்டு பாக்ஸ்தான் டெய்லி ஆஃப் ஆவுது."

"கரன்ட் போகலியே! ஃபேன் ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு?"

"அதான் நானும் சொல்றேன். யாரோ சுவிட்ச ஆஃப் பண்றாங்க. வூட்ல யார் யார் கீறீங்க?"

கருணாகரன் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பகலில் வீட்டில் இருப்பது இரண்டே பேர். இதற்கு மேல் இங்கே நிற்பது நல்லதில்லை என்று உமருக்குப் பட்டிருக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அப்படியானால் அம்மாவும் மகனும் கூட்டு! இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள்! அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் நாற்காலியில் சாய்ந்து, நன்றாகக் குறட்டை விட்டார். மீனாட்சி எட்டிப் பார்த்தாள். மெல்ல உள் அறைக்குப் போனாள். கருணாகரனும் பூனை மாதிரி பின்னாலேயே போனார்.

'க்ளிக்.'

"திருட்டுக்கு நீயும் உடந்தையா?"

மீனாட்சி சுவிட்சைக் கையால் மறைத்தாள். "ஐயோ, அவன் திருடலைங்க! கொஞ்ச நேரம் பொறுங்க, போடாதீங்க..."

அவள் கையைத் தட்டிவிட்டு சுவிட்சைப் போட்டார். விறுவிறுவென்று வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பாக்ஸ் உயிர் பெற்றது. கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மத்தியான நேரம் என்பதால் கடையில் கூட்டமில்லை. ஒரே ஒரு அம்மாளுக்கு ஆனந்தகுமார் தானே நின்று புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். விற்பனைப் பெண்களில் ஒருத்திகூட நிற்கவில்லை. வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத்துக்காக, லேபர் இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்கென்று வாங்கி, கருணாகரன் குடோனில் போட்டுப் பூட்டியிருந்த சிவப்பு ஸ்டூல்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கடையா இது, சத்திரமா?" கருணாகரன் போனை எடுத்தார்.

மீனாட்சி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "அவனைத் திட்டாதீங்க. இதெல்லாம் நான் சொல்லித்தான் அவன் செய்யுதான்" என்றவள், நரம்பு சுருண்டு புடைத்த தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவன் என் வயித்துல இருக்கையில, நிறைமாசம் வரைக்கும் உங்க கடையில நின்னேம்லா... ஒரு நாளாவது உட்காருன்னு சொன்னீங்களா?"