தடுப்புக்கு அந்தப் பக்கத்துப் பியானோ

ஆலயத்தின் நடுவே கூரைவரை எழுப்பிய பிளைவுட் தடுப்பில் காலை வெயில் முட்டி நிற்கிறது. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டையில் ஒரே சபை இரண்டாகிவிட்டது. திருவிருந்து மேசை இந்தப் பக்கம், பியானோ அந்தப் பக்கம். ஆராதனை நேரத்தை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே பியானோ தொடங்கியதும் இங்கே போதகர், பரலோகத்திலிருந்து தனக்கே தந்தி வந்ததுபோல அதே பாட்டை அறிவிக்கிறார். தையற்காரி எழுந்து பாடுகிறாள். அங்கே பியானோ வாசிப்பது அவளுடைய அண்ணன். சபை பிரிந்த நாள் முதல் இருவருக்கும் பேச்சில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு. ஒவ்வொரு சரணத்திலும் இரண்டாம் அடி முடிந்ததும், தங்கை மூச்சு வாங்கட்டும் என்று அவன் கொஞ்சம் நிறுத்துவான். சபைக்கே அது பழகிவிட்டது. இன்றும் இரண்டாம் அடி முடிந்ததும் பியானோ நிற்கிறது. இந்தப் பக்கத்துப் பாட்டும் பழக்கதோஷத்தில் நிற்கிறது. போதகர் மேசையைத் தட்டுகிறார். “அவங்க இழுத்த இழுப்புக்கெல்லாம் போறதா? விசுவாசம் சரியா இருந்தாத்தான் ஆராதனை சரியா இருக்கும். பாடுங்க!” பக்கத்தில் நிற்கும் மாமியார் தையற்காரியை முழங்கையால் இடிக்கிறாள். “அண்ணனுக்காகத்தானே நிக்கிறே?” “இல்ல அத்தை.” தையற்காரி மூச்சு வாங்காமலே அடுத்த அடியை எடுக்கிறாள். நெஞ்சு அடைத்து இருமல் வெடிக்கிறது. முந்தானையை வாயில் வைத்து அழுத்துகிறாள். சபை அவளை விட்டுவிட்டு முன்னே போகிறது. தடுப்புக்கு அப்பால் பியானோ இன்னும் காத்திருக்கிறது. “வாசிங்க தம்பி, அங்க யார் இருமினா நமக்கென்ன?” என்று அங்கே ஒரு குரல் அதட்டுகிறது. பியானோ தொடங்குகிறது. அடுத்த சரணத்தில் அதே இடம் வருகிறது. அவள் மூச்சுக்காக வாயைத் திறக்கிறாள். பியானோ நிற்கவில்லை.