மாதக் கணக்கு

"நாள் கணக்கு வேணாம் தங்கச்சி. மாசத்துக்கு எம்புட்டுன்னு சொல்லுங்க" என்றார் குருநாதன்.

யோகலட்சுமி தொழுவத்தைப் பார்த்தபடி மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். கறவை மாடு ஒன்று, அதன் கன்று, நாலைந்து வெள்ளாடுகள், வேப்பமரத்தில் கட்டிக் கிடக்கும் நாய்.

வெளியூர் போகிறவர்களின் ஆடுமாடுகளையும் நாய்களையும் அவர்கள் திரும்பும்வரை பார்த்துக்கொள்வது அவள் தொழில். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று கிளம்புகிறவர்கள் கூப்பிடுவார்கள். கூலிக்குப் பயந்து எல்லாரும் நாளைக் குறைத்துத்தான் சொல்வார்கள்.

மாசக் கணக்கில் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

மாடும் ஆடும் இவருடையவை அல்ல. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் அண்ணன் சின்னக்கண்ணுவுடையவை. அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை, வெள்ளிக்கிழமை சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறார் என்று போனில் சொல்லி, அவளை வலையபட்டிக்கு வரவழைத்திருந்தார்.

"எப்பத் திரும்புவாக?"

"அதச் சொல்ல முடியாது."

பேரம் பேச இடம் விட்டு, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஒரு தொகையைச் சொன்னாள். அவர் பேரம் பேசவில்லை. சரி என்று தலையை ஆட்டினார்.

அவளுக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

தொழுவத்துக்குப் பின்னால் தார்ச்சாலை வரைக்கும் அண்ணனின் நிலம் கிடந்தது. வரப்போரத்தில் புதிதாக நட்ட அளவுக்கற்கள் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தன.

புது ஆள் மடியில் கை வைத்தால் மாடு உதைக்கும், அண்ணன் உடுத்திய துணி ஏதாவது தொழுவத்தில் கிடந்தால் அந்த வாசனைக்கு அடங்கும் என்றாள்.

"எடுத்து வச்சிருக்கேன்" என்றார் குருநாதன்.

ஆணியில் தொங்கிய சாக்குப் பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சட்டை, ஒரு வேட்டி. இரண்டும் துவைக்காதவை.

விவரமான மனிதர் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

முன்பணம் எடுத்து வருவதாகச் சொல்லி அவர் தன் வீட்டுக்குள் போனார்.

அப்போதுதான் நாய் எழுந்து வாலை ஆட்டியது. தலையில் புல்லுக்கட்டோடு ஒருவர் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். பெரிய கட்டு. அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"நீங்கதான் சின்னக்கண்ணு அண்ணனா? போற எடத்துல மாட்ட நெனச்சு வெசனப்படாதீக. எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அவர் கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நான் எங்கிட்டுப் போகப்போறேன் தாயி? வெள்ளிக்கிழமை தேவிபட்டினம் கூட்டிட்டுப் போறேன்னு தம்பி சொன்னான். நாங்க ரெண்டு பேரும் மட்டும். கடல்ல முழுகிட்டு, சாயங்காலம் பால் கறக்க வந்துருவேனே."

உள்ளே பீரோக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

யோகலட்சுமி தன் வண்டியைக் கிளப்பினாள்.

"அண்ணே, கன்னுக்கு வயிறு உப்பிக் கெடக்கு. உடனே மருந்து வாங்கணும். ஏறுங்க."

சின்னக்கண்ணு கன்றைப் பார்த்தார். அது தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"தங்கச்சி, பணம்..." என்று பின்னாலிருந்து குருநாதனின் குரல் வந்தது. அவள் திரும்பவில்லை.

கடைத்தெரு வந்தது. மருந்துக்கடையைத் தாண்டியும் வண்டி நிற்கவில்லை.

"கன்னுக்கு என்ன தாயி?" என்று கேட்டார்.

"கன்னுக்கு ஒண்ணுமில்லண்ணே."

காவல் நிலையம் வரும்வரை அவர் வேறெதுவும் கேட்கவில்லை.