ஒன்பதாவது இடம்

கதிரேசனின் மூளைச் சில்லுக்குப் புதிய பதிப்பு வந்தது. இனி காலையில் நினைவுகள் வரிசையாக விழிக்காது, ஒன்றாகவே விழிக்கும். பழையவை தொடர வேண்டுமானால் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

சேர்க்க உட்கார்ந்த மனைவி தமயந்தி பழைய வரிசையைப் பார்த்தாள். தினமும் முதலில் விழித்தது, இறந்துபோன முதல் மனைவி மாதங்கியின் நினைவு. தன்னுடையது ஒன்பதாவது, பக்கத்து வீட்டு நாய்க்கும் பின்னால். மாதங்கியை மட்டும் விட்டுவிட்டாள்.

காலையில் கண் விழித்தவன், "யாருங்க நீங்க? எப்படி உள்ள வந்தீங்க?" என்றான்.

மாதங்கியைக் கவனிக்க வந்த நர்ஸாகத்தான் தமயந்தி இந்த வீட்டுக்குள் நுழைந்தாள். அந்த நினைவு இல்லாமல் இவளுடையது தொடங்காது.

சில்லைப் பழைய பதிப்புக்கே மாற்றி, பழைய வரிசையையே தன் கையால் திரும்பப் போட்டாள், மாதங்கி முதலாக.

மறுநாள் அவன் விழித்ததும் கூரையைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று தமயந்தி காபியோடு காத்து நின்றாள்.